அக்கா கேட்ட கேள்வியும் பாண்டா கேட்ட கேள்வியும்

உங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது: "ப்ரோ, கூகுள்ல நம்ம சைட் மேல வர என்ன பண்ணணும்?" பதிலுக்கு முன்னாடி, நான் பண்ணின ஒரு பழைய பாவத்தைச் சொல்லிடறேன்.

இன்ஜினியரிங் மூணாவது வருஷம். பாக்கெட் மணிக்காக ஒரு சின்ன கம்பெனிக்கு ஆர்ட்டிகிள் எழுதினேன். 500 வார்த்தை, அதுல அவங்க கொடுக்கற கீவேர்டு 12 தடவை வரணும். அவ்வளவுதான் ரூல். ஒரு நாள் வந்த தலைப்பு, குழந்தை இருமலுக்கு வீட்டு வைத்தியம். நாலு சைட்டைத் திறந்து வச்சு வரிகளை மாத்திப் போட்டேன். தேன் கொடுக்கலாம்னு எழுதினேன். எத்தனை வயசுக் குழந்தைக்குன்னு எழுதல. எனக்கே தெரியாது.

ரெண்டு வருஷம் கழிச்சு, ஒரு ராத்திரி அக்கா போன் பண்ணினா. எட்டு மாசக் குழந்தைக்கு இருமல். "டேய், நெட்ல தேன் கொடுக்கலாம்னு போட்டிருக்கு. கொடுக்கவா?"

அது நான் எழுதின பக்கமான்னு தெரியல. இருந்திருக்கலாம். "அக்கா, இரு. டாக்டரைக் கேட்டுட்டுக் கொடு"ன்னேன். டாக்டர் சொன்னது: ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம்ங்கற ஆபத்தான நோய் வரலாம்.

இப்ப கூகுள் கதைக்கு வருவோம். லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டுல உருவாக்கின பேஜ்ரேங்க், ஒரு பக்கத்துக்கு யார் யார் லிங்க் கொடுக்கறாங்கன்னு பார்த்து மதிப்புப் போட்டது. லிங்க்னா ஓட்டு மாதிரி. ஓட்டுன்னு வந்தா காசும் வரும்ல? லிங்க்கை விலைக்கு வாங்கினாங்க. என்னை மாதிரி ஆளுங்களை வச்சு கட்டுரைகளை மொத்தமா அடிச்சுத் தள்ளினாங்க. அதுக்கு 'கன்டென்ட் ஃபார்ம்'னே பேரு வந்துடுச்சு.

2011 பிப்ரவரில பாண்டா அப்டேட் வந்தது. பேரு கரடியோடது இல்ல, ஒரு இன்ஜினியரோடது! அமெரிக்காவுல 11.8 சதவீதத் தேடல்கள்ல மாற்றம் தெரியும்னு கூகுளே அறிவிச்சது. அதை உருவாக்கின விதம்தான் சுவாரஸ்யம். வெளியாட்கள்கிட்ட சைட்டுகளைக் காட்டி, 'உங்க கிரெடிட் கார்டு நம்பரை இங்க கொடுப்பீங்களா? இது சொல்ற மருந்தை உங்க குழந்தைக்குக் கொடுப்பீங்களா?'ங்கற மாதிரிக் கேள்விகள் கேட்டாங்க. அந்தப் பதில்களோட ஒத்துப்போற மாதிரி அல்காரிதத்தைத் தயார் பண்ணினாங்க.

கவனிச்சீங்களா? மெஷினுக்குத் தரம்னா என்னன்னு தெரியாது. மனுஷங்க எதை நம்பறாங்கன்னு பார்த்துக் கத்துக்கிட்டது, அவ்வளவுதான். அதனால அது தப்பும் பண்ணும். பாண்டா வந்து பல வருஷம் கழிச்சும் அக்கா கண்ணுல அந்தப் பக்கம் பட்டுதே!

அதனால கீவேர்டை எண்ணிட்டு இருக்காதீங்க. தெரிஞ்சதை முழுசா எழுதுங்க. யார் எழுதினது, எப்படித் தெரியும்னு சொல்லுங்க. சொத்தைப் பக்கங்களைத் திருத்துங்க, இல்லன்னா தூக்கிடுங்க. சைட்டோட ஒரு மூலைல குப்பை இருந்தா மொத்த சைட்டும் கீழ போகலாம்னு கூகுளே சொல்லியிருக்கு.

என் ஆர்ட்டிகிளை எடுக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் வரல. அக்கா பொண்ணு இப்ப ஸ்கூலுக்குப் போறா. இப்பல்லாம் எதை எழுதி முடிச்சாலும் எனக்குள்ள ஒரே கேள்விதான்: இதை அக்கா படிச்சா, நம்பிச் செய்யலாமா?

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.