கொரோனா பறித்த ஆபரேஷன் பயிற்சி: திருப்பிக் கொடுக்க வேண்டியது அரசு

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொரோனான்னு சொன்னதும் ஆக்சிஜன் சிலிண்டரும், ரெம்டெசிவிர் மருந்துக்கு நின்ன வரிசையும்தான் நமக்கு ஞாபகம் வருது. நான் பேசப்போறது அதிகம் பேசப்படாத ஓர் இழப்பு. அப்போது அறுவை சிகிச்சை படித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர்களின் கைப்பழக்கம்.

எம்.எஸ். படிப்பு மூணு வருஷம். முதல்ல பக்கத்துல நின்னு பார்க்கணும். அப்புறம் சீனியருக்கு உதவியா கருவி பிடிக்கணும். பிறகுதான், சீனியர் கூட நிற்க, தானே கத்தி எடுக்கணும். ஹெர்னியா, விரைவீக்கம், பித்தப்பைக் கல் மாதிரி நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன்களில்தான் இந்தக் கை பழகும்.

2020-இல் முதலில் தள்ளிவைக்கப்பட்டது இவைதான். தள்ளிவைத்ததைத் தப்பு சொல்ல மாட்டேன். படுக்கையும், வென்டிலேட்டரும், மயக்க மருந்து டாக்டரும் கொரோனா வார்டுக்குத் தேவைப்பட்டாங்க. உலகம் முழுக்க 12 வாரத்தில் சுமார் 2 கோடியே 84 லட்சம் ஆபரேஷன்கள் தள்ளிப்போகும் என்று அந்த ஆண்டு ஓர் ஆய்வு கணித்தது. அவசர ஆபரேஷன்கள் நடந்தன. ஆனா தொற்று பயத்தால தியேட்டருக்குள் ஆள் குறைக்கணும்னா, முதல்ல வெளியே போறது யாரு? கத்துக்க வந்த மாணவர்தான். கத்தி பிடிக்க வேண்டியவங்க கொரோனா வார்டில் ஆக்சிஜன் அளவு பார்த்தாங்க, சளி மாதிரி எடுத்தாங்க. நம்ம உயிரைக் காப்பாத்தத்தான்.

அடுத்த அடி நீட் முதுநிலைத் தேர்வு. 2021 ஏப்ரல் 18-இல் நடக்க வேண்டியது செப்டம்பர் 11-க்குப் போனது. இரண்டாம் அலையில் அது நியாயம். அதற்குப் பிறகு? 8 லட்சம் ரூபாய் வருமான வரம்பு எங்கிருந்து வந்தது என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஒன்றிய அரசு கமிட்டி போட்டது. கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. புது மாணவர்கள் வராததால் முதலாண்டு வார்டு வேலையும் சீனியர்கள் தலையில் விழுந்தது. வார்டிலேயே நின்னா தியேட்டருக்கு எப்போ போவாங்க?

அவங்கள்ல பலர் இன்னிக்கு அரசு மருத்துவமனைகளில் சர்ஜன். அங்கே போறது யாரு? நம்ம அம்மா, நம்ம சித்தப்பா. அந்த டாக்டர்களைக் 'கொரோனா பேட்ச்' என்று கிண்டல் பண்ற மீம்ஸை நம்ம பக்கத்து ஆட்கள் தயவுசெய்து பகிராதீங்க. குறை அவங்க மேல இல்லை.

நாம கேட்க வேண்டியது இதுதான். அந்த ஆண்டுகளில் படித்தவர்களில் விரும்புகிறவர்களுக்கு, பெரிய மருத்துவமனையில் சீனியர் மேற்பார்வையில் சில மாதம், முழுச் சம்பளத்தோடு பயிற்சி. எல்லா அரசு மருத்துவக் கல்லூரியிலும் இரவிலும் திறந்திருக்கிற பயிற்சிக்கூடம். லேப்ராஸ்கோப்பி கை பழக ஒரு பெட்டி, ஒரு கேமரா, ஒரு விளக்கு, ஒரு திரை போதும். இன்ஜினியரிங் படிச்சவனா சொல்றேன், இதைக் காலேஜ் புராஜெக்டா செஞ்சு முடிக்கலாம். தையல் பழக ஆட்டுக்கால் போதும். நிஜ நோயாளிக்கு இது ஈடாகாது. ஆனா நோயாளி மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி நூறு தடவை தப்பு பண்ண இடம் கிடைக்கும்.

உங்க மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் அப்படி ஒரு கூடம் இருக்கா, மாணவர்களுக்குத் திறந்துவிடுறாங்களா? விசாரிச்சு மாவட்ட அணி அமைப்பாளரிடம் எழுத்தில் கொடுங்க. தொகுத்து நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சேர்க்கிறோம்.