பிழை கண்ணில் பட வேண்டும்



யார் நினைவாக இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கிறதோ அந்தப் பெரியவர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர். ஈய எழுத்துக் காலத்தில் அது இருவர் செய்யும் வேலை. ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். மற்றவர் கேலி புரூஃப் என்ற மெய்ப்புத் தாளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். காற்புள்ளியைக்கூட வாய்விட்டுச் சொல்வார்கள். இன்று அந்த இருவர் வேலையையும் ஒரே இயந்திரத்திடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். பிடிஎஃப் கோப்பாகக் கிடக்கும் பழைய பக்கத்தைக் காட்டினால் போதும், செயற்கை நுண்ணறிவு அதைப் பார்த்துப் படித்து, தலைப்பு எது, செய்யுள் எது, உரை எது, அட்டவணை எது என்று பிரித்து எழுத்தாகத் தந்துவிடுகிறது. அந்த வேலையின் நன்மையையும், அதில் எனக்குள்ள ஓர் அச்சத்தையும் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் நம் பக்கத்துச் செல்வத்தைப் பார்ப்போம். அடையாற்றின் தென்கரையிலேயே எவ்வளவு இருக்கிறது! தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு உருவான நூலகம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், 1943-இல் தொடங்கியது. கோட்டூரில் தமிழ் இணையக் கல்விக்கழகம். இவை போன்ற இடங்களில் பக்கம் பக்கமாக மின்வருடல் நடந்திருக்கிறது. வருடி எடுத்தது பெரும்பணி. ஆனால் வருடிய பக்கம் வெறும் படம். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பானைப் போட்டால் அது வாயே திறக்காது. புத்தகம் கணினிக்குள் வந்துவிட்டது, அவர் கைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

நேரடியாகக் கணினியில் தட்டச்சு செய்த பிடிஎஃப் ஆனால் பிரச்சினை இல்லை என்று நினைப்போம். அதுவும் உண்மை இல்லை. அடோபி நிறுவனம் 1993-இல் இந்த வடிவத்தை வெளியிட்டபோது அதன் நோக்கம் ஒன்றுதான்: எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். இந்த வடிவை இந்த இடத்தில் வரை என்ற கட்டளைகளே உள்ளே இருக்கும். சொல், வரி, பத்தி என்ற அறிவு அதற்குக் கட்டாயமில்லை. தமிழில் இதன் விளைவை அரசாணையையோ சுற்றறிக்கையையோ நகலெடுத்து ஒட்டிப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது என்றால் ஆங்கில எழுத்துக் குப்பை வந்து விழும். ஒருங்குறியில் அடித்திருந்தாலும் ஒற்றைக்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த எழுத்தே வந்து, ‘தொழில்’ என்பது ‘ததாழில்’ என்றும் ‘பெரிய’ என்பது ‘பபரிய’ என்றும் வரலாம். திரையில் தெரிவதோ குறையில்லாத தமிழ். அதனால்தான் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பக்கத்தை மனிதரைப் போலப் பார்த்துப் படிக்கும் வழி தமிழுக்கு ஆங்கிலத்தைவிட அதிகம் தேவைப்படுகிறது.

பார்த்துப் படிக்கும் மென்பொருள் புதிதல்ல. எச்பி நிறுவனத்தில் 1980-களில் பிறந்த டெசராக்ட் 2005-இல் கட்டற்ற மென்பொருளானது. பின்னர் தமிழும் படித்தது. அந்தத் தலைமுறை எழுத்துணரிகள் அனேகமாக எழுத்தின் வடிவத்தை நம்பியே படித்தன. அதனால் அவற்றின் பிழைகளும் வடிவப் பிழைகள். ரகரத்தைக் கால் என்று படிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய புத்தகத்தில் ணா, றா, னா, ணை, லை போன்ற பதின்மூன்று எழுத்துகளின் பழைய உருவைக் கண்டால் திணறும். செய்யுள் எண்ணாக அச்சிட்ட ௧-ஐக் ககரம் என்றும் ௭-ஐ எகரம் என்றும் தரும். பத்திரத்தில் ‘மேற்படி’ என்பதற்கு வரும் ௸-ஐக் கண்டால் என்னவென்றே தெரியாமல் ஏதோ ஒன்றைப் போடும். படிப்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் பிழை பிழையாகவே நிற்கும். எவர் கண்ணிலும் படும்.

புதிய பார்வை மாதிரிகள் வேறு வகை. அவை பக்கத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எண்களாக்குகின்றன. பிறகு அந்தப் படத்தையும் இதுவரை தாம் எழுதியதையும் சேர்த்து வைத்து, அடுத்து வரக்கூடிய துணுக்கு எது என்று கணித்து எழுதிக்கொண்டே போகின்றன. மங்கிய அச்சு, பின்பக்க மை ஊறிய தாள், இரண்டு பத்திப் பக்கம், கோடில்லாத அட்டவணை எல்லாவற்றிலும் பழையவற்றைவிட எவ்வளவோ மேல். மூலம், பதவுரை, விசேடவுரை, அடிக்குறிப்பு என்று ஓர் உரைநூல் பக்கத்தைப் பிரித்துத் தா என்றால் தருகின்றன. இந்தப் பிரிப்பு சாதாரணம் அல்ல. அடிக்குறிப்பில் இருந்த பாடபேதம் உரைக்குள் கலந்துவிட்டால் பதிப்பாசிரியர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பட்ட பாடு வீணாகிவிடும். 1887-இல் உ.வே.சா.வின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்த நாளிலிருந்து தமிழ்ப் பதிப்புலகம் கட்டிக் காத்துவரும் ஒழுங்கு அது.

ஆனால், அடுத்தது என்னவாக இருக்கும் என்று கணிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, அப்படி இல்லாததையும் அப்படியே ஆக்கிவிடத் தெரியும். பழைய பாட்டில் ‘ஞெகிழி’ என்று இருக்கிறது. கொள்ளிக்கட்டை என்று பொருள். தூசி படிந்த அச்சில் முதல் எழுத்து சற்றே கலங்கியிருந்தால், இன்றைய தமிழை மூட்டைக்கணக்கில் படித்து வளர்ந்த மாதிரி ‘நெகிழி’ என்று எழுதிவிட்டுப் போகலாம். யானையை விரட்டக் கொள்ளிக்கட்டை வீசிய கானவன் பிளாஸ்டிக்கை வீசுவான். எழுத்துப்பிழை சோதனையில் அது பிடிபடாது. நெகிழி நல்ல தமிழ்ச் சொல்தானே! எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இப்போது எழுதுவதும் படிப்பதும் ஒரே ஆள். கெடுத்தால் தடயமும் இருக்காது.

பாட்டாவது போகட்டும், யாராவது புலவர் கண்டுபிடிப்பார். இந்தத் தாம்பரம் பகுதியில் வீட்டுக்கு வீடு இரும்புப் பெட்டியில் இருக்கும் கிரயப் பத்திரங்களை நினைத்துப் பாருங்கள். அறுபதுகளின் பத்திரம் ஒன்றில் ‘செங்கல்பட்டு ஜில்லா, சைதாப்பேட்டை தாலுகா’ என்று இருக்கும். அதன்பின் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனோம். 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி. எல்லாம் தெரிந்த இயந்திரம் உதவி செய்கிறேன் என்று ஜில்லாவை மாவட்டம் ஆக்கலாம், தாலுகாவை வட்டம் ஆக்கலாம். சர்வே எண்ணில் மங்கிய 3 ஒன்று 8 ஆனால்? ‘ஏரி புறம்போக்கு நீங்கலாக’ என்ற மூன்று சொல்லில் கடைசிச் சொல் விடுபட்டால்? ஏரிகளும் தாங்கல்களும் மனைகளானது தெரிந்த ஊர்க்காரர்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இது வீண் பயம் அல்ல என்பதற்கு ஜெர்மனியில் நடந்தது சாட்சி. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில இயந்திரங்களில் வருடிய கட்டட வரைபடத்தில் விபரீதம் ஒன்று இருப்பதை வெளிப்படுத்தினார். மூன்று அறைகளின் பரப்பு மூலத்தில் 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். வருடிய படியில் மூன்றும் 14.13. கோப்பின் அளவைச் சுருக்கும் முறை, ஒன்றுபோல் தெரிந்த துண்டுகளை ஒன்றுக்குப் பதில் ஒன்று ஒட்டிவிட்டது. எழுத்து கலங்கவில்லை, கோடு சிதையவில்லை. பளிச்சென்று தெரிந்தது, தவறாக. அங்கே செயற்கை நுண்ணறிவே கிடையாது. படத்தை அப்படியே நகலெடுக்க வேண்டிய கருவிக்கே அந்த நிலை என்றால், கணித்துக் கணித்து எழுதும் கருவியிடம் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

இரண்டு மாதிரிகளைப் படிக்கவிட்டு ஒப்பிடலாமே என்பார்கள். செய்யலாம், முரண்படும் இடங்களை மனிதர் பார்ப்பது பெரும் மிச்சம். ஆனால் இரண்டும் இணையத்தில் கிடைக்கும் இதே தமிழைப் படித்து வளர்ந்தவை என்றால் இரண்டும் சேர்ந்தே ‘நெகிழி’ என்று சொல்லக்கூடும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் இருக்கும் அருஞ்சொற்களைத் தனியே பட்டியல் வைத்து, அவற்றோடு ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் சொற்களைக் குறித்துக் காட்டச் செய்வது இதைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம். தெரியாத இடத்தில் ஊகிக்காதே, கேள்விக்குறி இட்டு விடு என்று மாதிரியிடம் சொல்லியும் வைக்க வேண்டும். எப்போதும் கேட்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

உறுதியான வழி நம்மிடமே இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியபோது தன்னார்வலர்கள் இலக்கியங்களைக் கையால் தட்டித்தான் இணையத்தில் ஏற்றினார்கள். பின்னர் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கு வந்தன. அங்கே ஒரு பக்கத்தைத் திறந்தால் இடப்புறம் எழுத்து, வலப்புறம் மூலப் பக்கத்தின் படம். எழுத்துணரி தந்தபடியே கிடக்கும் பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள். வேறொருவரும் சரிபார்த்தது பச்சை. அச்சகத்தில் இருவர் உட்கார்ந்து செய்த வேலைதான் இது. இப்போது ஒருவர் முடிச்சூரில் இருக்கலாம், மற்றவர் யாழ்ப்பாணத்தில் இருக்கலாம். எந்த மாதிரி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் படித்தாலும் அதன் எழுத்து சிவப்பில்தான் தொடங்க வேண்டும். படத்தைப் பிரித்துவிட்டு எழுத்தை மட்டும் உலவ விடுவதை எந்த நிறுவனமும் ஏற்கக் கூடாது. வெளியீட்டு விழா நடத்துவோர் லட்சம் பக்கம் எழுத்தாக்கினோம் என்று சொன்னால், அதில் பச்சை எத்தனை என்று அவையிலிருந்து யாராவது எழுந்து கேட்க வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரத்துக்கான செலவு ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. அதற்குப் பணம் தருவோர் கிடைப்பார்கள். மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கூலி தரத்தான் ஆள் இல்லை. இந்த நிதியின் வட்டியில் ஒரு பகுதியை, தமிழ் படித்துவிட்டு வேலை தேடும் இப்பகுதி இளைஞர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுங்கள். பாடபேதம் நிறைந்த உரைநூல்கள், எண் நிறைந்த மருத்துவ நூல்கள், பஞ்சாங்கங்கள் ஆகிய மூன்று வகையை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். பஞ்சாங்கத்தில் எண்களை இருவராக உட்கார்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் விரல் ஓட்டிப் பார்க்கட்டும்.