பேறுகாலத் தையலும் பேசாத தொல்லையும்

(மகளிர் தினத்தையொட்டி நம் குடியிருப்புச் சமுதாயக் கூடத்தில் ஆற்றிய உரை)



நான் வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். படித்தது பி.காம். வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இரண்டு பிள்ளை பெற்றவள் என்ற முறையிலும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்தும் பேசுகிறேன். ஆண்கள் எழுந்து போக வேண்டாம். உங்கள் மகளுக்கும் மருமகளுக்கும் வேண்டிய செய்தி இது.

சுகப்பிரசவம் என்கிறோம். ஆனால் முதல் பிரசவத்தில் பெரும்பாலும், பிறப்பு வாசலுக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடம் கொஞ்சமாவது கிழியும். அல்லது மருத்துவரே கத்தரித்துத் தைப்பார். இப்படி எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. தேவைப்பட்டால் மட்டும் செய்வது.

கிழிசலை நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில் தோல் மட்டும் கிழியும். இரண்டாவதில் அடியிலுள்ள தசையும் கிழியும். மூன்றாவதில் ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசையும், நான்காவதில் மலக்குடலின் உட்புறம் வரையிலும் கிழியும். முதல் இரண்டும் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். மற்ற இரண்டும் குறைவாகவே வரும். வந்தால் தியேட்டரில் வைத்துக் கவனமாகத் தைக்க வேண்டும். எத்தனையாவது படி என்று டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பாஸ்புக்கில் பதிவு சரியா என்று பார்க்கிறோமே, அதுபோலத்தான். அடுத்த பிரசவத்துக்கு அது முக்கியம்.

நம் இடுப்பெலும்பின் அடியில் ஏணைத் துணிபோல ஒரு தசைப் படுகை இருக்கிறது. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில் அது தளர்ந்தால் தும்மும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசியும். மூத்த பிள்ளை பிறந்து நான் கவுண்டருக்குத் திரும்பியபோது எனக்கும் இருந்தது. யாரும் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமே அப்போது இல்லை.

பாம்பன் பக்கத்துப் பெண்கள் குழுக் கடன் தவணை கட்ட வருவார்கள். கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர்கள், மீன்கூடை சுமப்பவர்கள். "அடி இறங்கிப் போச்சுக்கா" என்று தாழ்ந்த குரலில் சொல்வார்கள். சொல்லிவிட்டு மறுநாள் மறுபடி கடலுக்குப் போவார்கள். கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைத்தியம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

என்ன செய்யலாம்? 1948-ல் ஆர்னால்டு கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு பயிற்சியை எழுதி வெளியிட்டார். செலவே இல்லை. வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோல அடித்தசையை உள்ளிழுங்கள். சில விநாடி பிடித்து, முழுவதும் தளர விடுங்கள். ஒரு தடவைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. தொடையையும் வயிற்றையும் இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழக வேண்டாம். தையல் வலி குறைந்ததும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கலாம். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி இது. விடாமல் கட்டினால் மூன்று மாதத்தில் பலன் தெரியும்.

மாமியார்களுக்கு ஒரு வார்த்தை. பால்சுறாப் புட்டும் பூண்டும் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைக்காதீர்கள். மலச்சிக்கலில் முக்கினால் தையலுக்கும் கெடுதல், தசைக்கும் கெடுதல். 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பச்சை உடம்புக்காரி தூக்கக் கூடாது. அது வீட்டு ஆண்களின் வேலை.

காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, தையல் பிரிதல், நாளாக நாளாகக் கூடும் வலி, மலத்தையோ வாயுவையோ அடக்க முடியாமை, பிறப்பு வாசல் வழியே மலம் வருதல், இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மருத்துவமனையில் மகப்பேறு பிரிவில் காட்டலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பிள்ளை பெற்று முப்பது வருடம் ஆனவர்களும் போகலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிட வேண்டியதில்லை.

நம் குடியிருப்பில் பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் "யார் சாயல்?" என்று கேட்கிறோம். கூடவே தாயிடம் தனியாக, "உட்கார முடிகிறதா, ஒன்றுக்கு இரண்டுக்குச் சிரமம் இல்லையே?" என்றும் கேளுங்கள். அவள் சொல்லத் தயங்குவதை நாம் கேட்டால்தான் சொல்வாள்.