தீராத வயிற்றுவலியும் கணையக் கல்லும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவோர் உளர். இன்னிசை பாடுவோர் உளர். நமக்கு அவ்விரண்டும் வாரா. பத்தாம் வகுப்புத் தேறி, ஒலவக்கோட்டிலே ரயில்வே குமாஸ்தாவாகக் காலம் கழிப்பவர் நாம். "குடும்பங்களுக்குப் பயன்படுவதாக ஏதேனும் சொல்லுங்கள்" எனச் செயலாளர் பணித்தமையால், நம் வீட்டாரைப் பத்தாண்டுக் காலம் அலைக்கழித்த ஒரு நோயைப் பற்றிப் பேசத் துணிந்தோம். மருத்துவர் அல்லாதார் மருத்துவம் பேசலாமோ என்று சிலர் எண்ணக்கூடும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் காத்திருந்து கண்டதையும், டாக்டர்களைக் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே கூறுவோம்.

நம் மனைவியின் தம்பி இடுக்கி மாவட்டத்து மூணாற்றை அடுத்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இந்த அவையில் அவனைத் 'தம்பி' என்றே குறிப்போம். அம்மாவட்டத்தில் இருப்புப்பாதை இல்லை. ஒரு காலத்தில் மூணாற்றில் ஓடிய சிறு ரயிலையும் 1924-ஆம் ஆண்டு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆதலால் ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் நாமும் மாமனார் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும். இது நிற்க.

தம்பிக்குப் பதினான்காம் வயதில் வயிற்றுவலி தொடங்கிற்று. மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பாயும். அவ்வேளையில் அவனால் மல்லாந்து படுக்க இயலாது. தலையணையை வயிற்றோடு அணைத்து, முன்னே குனிந்து, முழங்காலில் மோவாயை ஊன்றி இரவெல்லாம் உட்கார்ந்திருப்பான். மூன்று நான்கு நாளில் வலி தணியும். பின்பு இரண்டு மாதம் ஒன்றும் இராது. பூச்சி என்றனர், வாயு என்றனர், குடற்புண் என்றனர். பதினேழாம் வயதில் ஒரு நகரத்து ஆஸ்பத்திரியில் குடல்வாலை அறுத்து எடுத்தனர். மூன்று மாதத்தில் பழைய வலியே திரும்பி வந்தது. இருபத்தோராம் வயதில் இரத்தத்தில் சர்க்கரை கண்டது. நெஞ்சு எலும்பு தெரிய மெலிந்தான்.

இந்த நிலையில் உறவினர் வாயில் வேறொரு பேச்சு எழுந்தது: பையன் இரகசியமாகக் குடிக்கிறான் என்பதே அது. நாமும் அதனை நம்பினோம் என்பதைச் சபையில் ஒப்புக்கொள்கிறோம். நம் குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கியிருந்தபோது ஓரிரவு வலியால் சுருண்டு கிடந்தவன் அருகே குனிந்து, சாராய வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தோம். உறங்குகிறான் என்று எண்ணியிருந்தோம். அவன் கண்கள் திறந்தே இருந்தன.

மறுவாரம் வாளையாறு கடந்து கோயமுத்தூருக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஓர் அறுவை மருத்துவர், முந்தைய சீட்டுகளைப் புரட்டாமல், "வலிக்கும்போது எப்படி உட்காருவாய்? உட்கார்ந்து காட்டு" என்றார். தம்பி காட்டினான். "மலம் எண்ணெய் போல் மிதக்கிறதா? உண்டால் வலி கூடுகிறதா? வீட்டில் வேறு எவருக்கேனும் இளமையிலேயே சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். பிறகு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பின் குறுக்கே சுண்ணாம்புக் கட்டிகளை இறைத்தாற்போல் வெண்மையான கற்கள் தெரிந்தன. இப்படம் எடுக்க அதிகச் செலவு இல்லை. பத்தாண்டுகளில் அவன் மேல்வயிற்றை எவரும் படம் எடுக்கவில்லை!

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். முன்பு பார்த்த மருத்துவர்களை மட்டும் குறைகூறுதல் முறையன்று. தம்பியின் தந்தையார் தோட்டத்தில் தமிழே பேசி வாழ்ந்தவர். மலையாள டாக்டர் முன்னிலையில் அவர் வாயில் வந்தவை 'வயறு வேதன' என்ற இரண்டு சொற்களே. முதுகுக்குப் பாய்வதும், குனிந்தால் தணிவதும், மாதக்கணக்கில் மறைந்து மீள்வதும் அவர் மனத்திலேயே நின்றுவிட்டன. குடல்வால் அழற்சி நாள்கணக்கில் முற்றுவது. பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புற அடிவயிற்றுக்கு இறங்குவது. ஆண்டுக்கணக்காக மேல்வயிற்றிலே எழுந்து முதுகுக்குப் போகும் வலி வேறு இனம்.

இனி நோயைக் கூறுவோம். இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்புக்குக் குறுக்கே கணையம் என்ற உறுப்பு கிடக்கிறது. உணவைச் செரிக்கும் நீரைச் சிறுகுடலுக்கு அனுப்புவதும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினை இரத்தத்தில் விடுவதும் அதன் தொழில்கள். செரிமான நீர் வரும் குழாயில் சுண்ணாம்புக் கற்கள் சேர்ந்தால், ஒற்றைப் பாதையில் கூட்ஸ் வண்டி நின்றுவிட்டதுபோல் பின்னாலுள்ளதெல்லாம் தேங்குகிறது. அழுத்தம் கூடுகிறது, வலி பிறக்கிறது, உறுப்பு நாளடைவில் நாராகச் சுருங்குகிறது. கொழுப்பு செரியாமல் மலத்தில் போகிறது. இன்சுலின் குறைந்து நீரிழிவு வருகிறது.

மேனாட்டு நூல்களில் நாட்பட்ட கணைய அழற்சிக்கு மதுவே முதன்மைக் காரணமாகப் பேசப்படுகிறது. மதுவைத் தொட்டறியாத ஏழை இளைஞருக்கு வரும் இவ்வகையை 1959-இல் சுய்டெமா என்பார் இந்தோனேசியாவில் கண்டு எழுதினார். கேரளத்திலே டாக்டர் பி. ஜெ. கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து, 1968-இல் கணைய நீரிழிவைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். சிறுவயதில் வலி, பருவத்தில் நீரிழிவு, இளமையில் மரணம் என்பதே அக்காலத்து நோயாளிகளின் கதி. கொல்லம் மாவட்டத்தில் நடந்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வு, லட்சம் பேரில் ஏறத்தாழ 126 பேருக்கு நாட்பட்ட கணைய அழற்சி இருப்பதாகக் கண்டது. நம் துறைக் கணக்கில் சொன்னால், 72 படுக்கை கொண்ட 11 பெட்டிகள் நிறைந்து வருமாயின் அவற்றுள் ஒருவர். உலகுக்கு இது அரிய நோய். இப்பக்கத்து மலைக்கும் சமவெளிக்கும் அவ்வளவு அரிதன்று.

காரணம் என்ன? கப்பை என்று இங்கே வழங்கும் மரவள்ளிக்கிழங்கின்மேல் முதலில் ஐயம் விழுந்தது. விசாகம் திருநாள் மகாராஜா 1880 முதல் 1885 வரை ஆண்ட காலத்தில் திருவிதாங்கூரில் அதன் பயிரை ஊக்கினார். 1942-இல் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் வயிற்றைக் காத்தது அக்கிழங்கே. அதில் சயனைடு விளைவிக்கும் பொருள் உண்டு. வேகவைத்து நீரை வடித்தால் அது குறையும். நம் பெண்டிர் அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் ஓராண்டு மரவள்ளி ஊட்டிய எலிகளுக்கு இந்நோய் வரவில்லை. கிழங்கே உண்ணாத வடநாட்டாரிடமும் இது காணப்படுகிறது. 2002-ஆம் ஆண்டையொட்டி வெளியான ஆய்வுகள், இந்நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டன. செரிமான நீர் கணையத்தையே செரித்துவிடாமல் தடுக்கும் காவலுக்குரிய மரபணு அது. அம்மாற்றம் நோயற்ற சிலரிடமும் இருப்பதால் அதுவும் முழு விடையன்று. கிழங்கின்மேல் நாம் கோபம் கொள்வதை விட்டுவிட்டோம். வீட்டில் மீன்குழம்போடு இன்றும் அது உண்டு.

சிகிச்சைக்கு வருவோம். சில நோயாளிகளுக்குக் கற்களை வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைத்து, வாய்வழிக் குழாய்க் கருவியால் எடுக்கின்றனர். ஐதராபாத்தில் இம்முறையில் பெரும் அனுபவம் உண்டு. கற்கள் பெரியனவாகிக் குழாயும் விரிந்துவிட்டால் அறுவை வேண்டியிருக்கும். பார்ட்டிங்டன், ரோஷெல் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1960-இல் எழுதிய முறைப்படி, கணையக் குழாயை நீளவாட்டில் திறந்து, கற்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியை அதன்மேல் தைத்துவிடுகின்றனர். தேங்கிய நீர் நேரே குடலுக்கு இறங்கும். கணையத்தின் தலைப்பகுதி தடித்திருந்தால் அங்குள்ள சதையையும் குடைந்து எடுப்பது 1987-இல் ஃப்ரே வகுத்த முறை. நெதர்லாந்தில் 88 நோயாளிகளை இரு கூறாக்கி நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் கருவிச் சிகிச்சை பெற்றவரைவிட முன்கூட்டியே அறுவை பெற்றவருக்கு வலி குறைவாயிருந்தது. எனவே கத்திக்கு அஞ்சி ஆண்டுகளைத் தள்ளுவது எல்லாருக்கும் நன்மையன்று.

தம்பியின் கணையக் குழாய் 11 மில்லிமீட்டர் விரிந்திருந்தது. இயல்பு 3 மில்லிமீட்டர் அளவே. தலைப்பகுதியிலும் ஒரு தடிப்பு இருந்தது. அது அழற்சியா, புற்றா என்பதை ஸ்கேன் படத்தால் மட்டும் உறுதிப்படுத்த முடியவில்லை. இந்நோயாளிகளுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி என்பதையும் மருத்துவர் மறைக்காமல் கூறினார். ஐந்து மணி நேரம் அறுவை நடந்தது. குடைந்த சதையைச் சோதனைக்கு அனுப்பினர். முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நாம் அலுவலகத்தில் போட்ட கூட்டல்களை உடன் வேலை செய்த நண்பர் ஒருவர் சொல்லாமலே சரிபார்த்து வைத்திருந்தார் என்பது பின்னரே தெரிந்தது. பத்தாம் நாள் 'புற்று இல்லை' என்ற தாள் வந்தது.

வலி பெரிதும் போயிற்று. நீரிழிவு போகவில்லை, போகாது என்று முன்னரே சொல்லியிருந்தனர். நாள்தோறும் இன்சுலினும், உணவோடு செரிமானக் குளிகையும் உண்டு. புகையும் மதுவும் கூடவே கூடாது. அவன் எடை ஒன்பது கிலோ ஏறியிருக்கிறது.

நம் காலனியில் எவர் வீட்டிலேனும் பிள்ளை வயிற்றைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால், நாளும் வேளையும் குறித்து வையுங்கள். வலி எங்கே எழுந்து எங்கே போகிறது, எவ்வாறு இருந்தால் தணிகிறது, மலம் எப்படி, எடை எவ்வளவு குறைந்தது என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியாவிடில் நம் குவார்ட்டர்ஸுக்கு வரலாம். மாலை ஆறு மணிக்குமேல் இருப்போம். கணையத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேட்பதற்கும் கூச்சம் வேண்டா. கேட்டதற்காக எந்த டாக்டரும் நம்மைக் கோபித்ததில்லை.

அன்றிரவு மோந்து பார்த்ததற்காகத் தம்பியிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். "விடுங்க அத்தான், அப்பாவே பார்த்திருக்கார்" என்றான். ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் பார்க்கவேண்டும். அடுத்த மாதம் மூணாற்றிலிருந்து உடுமலைப்பேட்டை வழியாக வருகிறான். நாம் இரண்டு நாள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம்.