பீட்டர் தங்கராஜ்: சம்பளத்துக்குக் கோல் காத்தவர்

செஞ்சியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு

செஞ்சியில் பேச வருகிறவர் கோட்டையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றைப் பற்றியும் அறிஞர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சியும் இடம்பெற்றுவிட்டதால் இன்னும் பலர் வந்து சொல்வார்கள். இந்த உரை ஒரு கால்பந்து ஆட்டக்காரரை எடுத்துக்கொள்கிறது.

சக ஆய்வாளர்களோடு கருத்தரங்குகளில் தீராமல் இழுபடும் வழக்கு ஒன்று இருப்பது அவையில் பலருக்குத் தெரியும். 1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கும்வரை இந்தியாவில் தொழில்முறை ஆட்டக்காரர் என்று எவரும் இல்லை, அதற்கு முன் ஆடியவர்கள் எல்லோரும் அமெச்சூர்கள் என்று அவர்கள் எழுதுகிறார்கள். இது தவறு. வயிற்றுப்பாட்டுக்காக உடம்பை வருத்தி ஆடியவர்களின் உழைப்பைப் பொழுதுபோக்காக்கிவிடுகிற தவறு. பீட்டர் தங்கராஜின் வாழ்க்கையை முன்வைத்து அந்த வழக்கை இன்று முடித்துக்கொள்ளலாம்.

தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். உள்ளூர் கிளப்புகளில் ஆடியவர் 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம் அவரை வளர்த்தது. அங்கே போனபோது அவர் சென்டர் ஃபார்வர்டு, அதாவது கோல் போடுகிறவர். கோல் காக்கிறவராக மாறியது ராணுவத்தில்தான். ஆறடிக்கு மேற்பட்ட உயரத்துக்கும் நீண்ட கைக்கும் ஏற்ற வேலை அது. இரண்டே ஆண்டில், 1955இல், அந்த ரெஜிமெண்ட் அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1958இல் மறுபடியும் வென்றது. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இருந்தார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். முப்படைகளின் சர்வீசஸ் அணி முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோது தலைவர் அவரே.

இத்தனைக்கும் நடுவே மாதச் சம்பளம் எங்கிருந்து வந்தது? ராணுவத்திலிருந்து வந்தது. ஒரு சிப்பாய் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்து, அணியோடு ஊர் ஊராகப் போய் ஆடி, ரெஜிமெண்டுக்குக் கோப்பை கொண்டுவந்தால் அவருடைய வேலை என்ன என்று கேட்க வேண்டியதே இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இங்கிலாந்தை ஒப்பிட்டால் வழக்கு இன்னும் தெளிவாகும். அங்கே 1961 ஜனவரி வரை கால்பந்து ஆட்டக்காரருக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. கடைசியில் அது வாரத்துக்கு 20 பவுண்டு. பிரஸ்டன் நார்த் எண்ட் அணிக்கு ஆடிய டாம் ஃபின்னி, இங்கிலாந்துக்காக 76 ஆட்டங்கள் ஆடியவர், கூடவே குழாய் பழுது பார்க்கும் தொழிலும் செய்தார். 1952இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் பெரும் பணத்தோடு அவரை அழைத்தது. பிரஸ்டன் விடவில்லை, அவரும் போகவில்லை. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைக் கிளப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற விதிக்கு எதிராக 1963இல்தான் ஜார்ஜ் ஈஸ்தம் வழக்கில் லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழாய் வேலையும் பார்த்த ஃபின்னியைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று தயங்காமல் எழுதுகிறவர்கள், ஆட்டத்துக்காகவே சம்பளம் வாங்கிய தங்கராஜை அமெச்சூர் என்கிறார்கள். ஃபின்னிக்கு ஒப்பந்தம் இருந்ததே என்பது அவர்களின் பதில். தங்கராஜுக்கும் இருந்தது. அது ராணுவக் கையெழுத்து. அதைவிட இறுக்கமான ஒப்பந்தம் எது?

ஒலிம்பிக் விதி அமெச்சூர்களை மட்டுமே அனுமதித்ததால் எல்லா நாடுகளும் இந்தப் பெயரைப் போர்த்திக்கொண்டன. அதே மெல்பர்னில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கோல்கீப்பர் லெவ் யாஷினை யாரும் பொழுதுபோக்குக்காரர் என்று எழுதுவதில்லை.

இனி ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தை விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு இதைத்தான் சான்றாகக் காட்டுகிறது: நாட்டுப்பற்றால், காய்ச்சலோடும் காயத்தோடும் ஆடிய அமெச்சூர்களின் வெற்றி என்று.

சூழல் கொடுமையானது. தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் இந்தோனேசியா இடம் மறுத்ததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்ததால் ஜகார்த்தாவில் இந்தியர்மீது கடும் கோபம் இருந்தது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. பஸ்ஸில் தலைப்பாகை வெளியே தெரியாதபடி குனிந்து உட்கார வேண்டியிருந்ததை வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள். செப்டம்பர் 4 அன்று செனாயன் அரங்கில் திரண்ட ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். எதிரணி தென்கொரியா, முதல் ஆட்டத்தில் இந்தியாவை 2-0 என்று வென்ற அணி.

பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் என்ன செய்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசைத் தடுப்பாளராக, ஆடும் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் ஆறு தையல். அவரை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்றபோது கோல் காத்தவர் இளைஞர் பிரத்யுத் பர்மன். வென்ற அணியின் கோல்கீப்பரை மாற்றுவது எந்தப் பயிற்சியாளருக்கும் கடினம். தங்கராஜுக்கோ காய்ச்சல். இருந்தும் இறுதியாட்டத்துக்கு ரஹீம் தேர்ந்தது தங்கராஜை. அவருடைய உயரத்தையும் அனுபவத்தையும் நம்பித்தான்.

கோல்கீப்பர் வேலையில் இது நுட்பமான இடம். பக்கவாட்டிலிருந்து பந்து உயரே வரும்போது கோட்டிலேயே நிற்பதா, முன்னேறிப் போய்ப் பிடிப்பதா என்று நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். போனால் பந்தைத் தொட்டே ஆக வேண்டும். தொடாமல் விட்டால் பின்னால் வெறும் வலைதான். நெரிசலில் பிடிக்க முடியாதென்றால் முஷ்டியால் குத்தி விலக்க வேண்டும். அந்தக் கணக்கு உடம்பில் படிவதற்கு ஆயிரக்கணக்கான பந்துகள் வேண்டும். ஓய்வு நேரத்தில் ஆடுகிறவருக்கு அது கைவராது. வெலிங்டன் மைதானத்தில் கோல் போடுகிறவர் கோல் காக்கிறவராக மாறக் கிடைத்த காலம், ராணுவம் விலை கொடுத்து வாங்கிய காலம். ரஹீம் ஜகார்த்தாவில் எடுத்துப் பயன்படுத்தியது அதைத்தான்.

17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோல். 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் இரண்டாவது கோல். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த 2-0 காக்கப்பட்டது. 85ஆம் நிமிடத்தில்தான் கொரியா ஒரு கோல் போட்டது. 2-1, தங்கம் இந்தியாவுக்கு. அந்த நீண்ட ஒரு மணி நேரத்தைப் பற்றி நம் வரலாறுகள் ஒரு வரியும் எழுதுவதில்லை. கோல் போட்டவர்களுக்குப் பத்தி பத்தியாக இடம் கிடைக்கிறது. கோல் விழாமல் பார்த்துக்கொண்ட வேலை கண்ணில் படுவதில்லை. இது ஆழ்ந்த வருத்தம் தரும் விஷயம்.

முதல் கோல் போட்ட பானர்ஜி ஈஸ்டர்ன் ரயில்வே ஊழியர். அணியை உருவாக்கிய ரஹீம் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர். 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வென்ற அணி அது. ராணுவம், போலீஸ், ரயில்வே என்று மூன்று சம்பளப் பட்டியல்கள் இல்லாமல் அந்தப் பொற்காலம் ஏது? நாட்டுப்பற்று இருந்தது, அதில் ஐயமில்லை. தொழில் தேர்ச்சியும் இருந்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதுதான் பிழை.

கல்கத்தா ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்ல நேரமிருக்கிறது. 1960இல் முகமதன் ஸ்போர்ட்டிங், பிறகு மோகன் பகான், அதன்பின் ஈஸ்ட் பெங்கால். மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற அணியில் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார்.

மற்றவர்களைப் பெயரளவில்தான் சொல்ல முடிகிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன், 1960 ரோமில் பெருவுக்கு எதிராகக் கோல் போட்ட சைமன் சுந்தரராஜ் இருவருக்கும் தனித்தனி நூல் வேண்டும். கோலார் தங்கவயல் அணிகளைப் பற்றியும் சென்னை ஐ.சி.எஃப். அணியைப் பற்றியும் ஆய்வேடுகள் வேண்டும். ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழின் பழைய தொகுதிகளை ஒருவர் வரிசையாகப் படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். பழைய தென் ஆர்க்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போய் அங்கே பந்தாடித் திரும்பியவர்களின் பேட்டிகளைச் செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் மாணவர்கள் பதிவு செய்யலாம். முதியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். வெலிங்டனில் 1953 முதல் 1960 வரையிலான ரெஜிமெண்ட் ஆவணங்களைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதுவதை எந்தத் துறையாவது இந்த ஆண்டே தொடங்கலாம்.