பொசுபரசின் வரவு செலவு



என் தொழில் கணக்கு எழுதுவது. விஞ்ஞானம் படித்தவன் அல்லன். ஆனால் ஒரு விஞ்ஞானியின் ஆய்வைப் பற்றி வாசித்தபோது, இவரும் எங்கள் தொழில்காரர்தான் என்று தோன்றியது. அவர் பெயர் ஜேம்ஸ் எல்சர். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர். உயிர்களின் உடம்பில் காபன், நைதரசன், பொசுபரசு என்பன என்ன விகிதத்தில் இருக்கின்றன, எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று கணக்குப் பார்ப்பதே அவருடைய வேலை.

இவற்றுள் பொசுபரசு சற்று வித்தியாசமானது. வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 700 கிராம் இருக்கிறது. பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும். மிகுதி ஒவ்வொரு கலத்திலும். வேகமாக வளரும் உயிருக்கு இது கூடுதலாகத் தேவை என்பது எல்சரின் முக்கியமான கருத்து.

மெக்சிக்கோவின் பாலைவனத்தில் குவாத்ரோ சியெனகாஸ் என்றொரு இடம். அங்குள்ள நீர்நிலைகளில் பொசுபரசு மிகக் குறைவு. ஆதிகாலப் பூமியில் உயிர் எப்படிப் பிழைத்தது என்பதை அறிய எல்சரின் குழு அங்கே ஆராய்ந்தது. உணவில் பொசுபரசு குறைந்தாலும் நத்தைகளுக்குக் கேடு, மிஞ்சினாலும் கேடு என்று கண்டார்கள். வேறு உலகங்களில் உயிரைத் தேடுபவர்களும் இந்தக் கணக்கையே கேட்கிறார்கள். சனிக்கிரகத்தின் நிலவான என்செலடசின் பனித்துகள்களில் பொசுபேற்று இருப்பதாக 2023இல் அறிவிக்கப்பட்டபோது அது பெரிய செய்தியானது அதனாற்றான்.

இனி எங்கள் வாசலுக்கு வருவோம். அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்துக்கு ஆய்வாளர்கள் ஒரு பொசுபரசு வரவுசெலவுக் கணக்குப் போட்டு 2012இல் வெளியிட்டார்கள். உணவாகவும் பசளையாகவும் நகருக்குள் வருவது, வெளியே போவதைவிடக் கூட. மிச்சம் மண்ணிலும் குப்பை மேட்டிலும் தேங்குகிறது. ஆனால் இந்தப் பசளை, பாறையைத் தோண்டி எடுப்பது. அந்தப் பாறையின் பெரும்பங்கு மொரோக்கோவிலும் மேற்குச் சகாராவிலும் இருக்கிறது. 2008இல் அதன் விலை பல மடங்கு ஏறியது.

ஊரில் எங்கள் அப்பு இந்தக் கணக்கை ஏட்டில் எழுதாமலே சரியாக வைத்திருந்தார். தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைப்பார், பூவரசங் குழை தாழ்ப்பார். எடுத்தது திரும்ப மண்ணுக்கே போகும்.

நானோ கனடாவில் வீடு வாங்கிய முதல் கோடையில், பக்கத்து வீட்டுப் புல்லைப் பார்த்துப் பொறாமைப்பட்டு மூடைக் கணக்கில் பசளை போட்டேன். அடுத்த நாள் நல்ல மழை. அது எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற நான், அந்தச் செலவுக்கு மட்டும் எதிர்ப்பதிவு தேடவில்லை.

அது போகிற இடம் ஏரி. 2014 ஓகஸ்ட்டில் ஈரி ஏரியில் நச்சுப்பாசி பெருகியதால், ஒகாயோவின் ரொலிடோ நகரில் சுமார் 4 இலட்சம் பேர் இரண்டு நாட்களுக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. அந்தப் பாசிக்கு முக்கிய தீனி வயல்களிலிருந்து கழுவுண்டு வந்த பொசுபரசு. என் புல்வெளியின் பங்கு சிறியதுதான். சிறிய தொகை என்பதற்காகக் கணக்கில் விட்டுவிட முடியுமா?

பசளை மூடையில் மூன்று எண்கள் இருக்கும். நடுவில் உள்ளது பொசுபரசு. அடுத்த முறை வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள். வளர்ந்த புல்லுக்குப் பெரும்பாலும் அது பூச்சியமாக இருந்தாலே போதும். மரக்கறித் தோலைக் குப்பைக்குக் கொடுக்காமல் வீட்டுத் தோட்டத்துக்கே கொடுங்கள்.