சிறையா, சிகிச்சையா?



தண்டவாள ஓரத்தில் பிரவுன் சுகர் புகைக்கும் பையன்களை ரயில்வேக்காரர்களான நாங்கள் தினமும் பார்க்கிறோம். 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 கிராமுக்குள் ஹெராயின் வைத்திருந்தாலும் ஓராண்டுவரை சிறை. சொந்தப் பழக்கத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்க வேண்டாம் என்ற யோசனை 2021-இல் மத்திய சமூகநீதி அமைச்சகத்திலிருந்தே வந்தது.

“பயம் விட்டுப்போகுமே!” என்கிறீர்கள். விற்பவனை விடச் சொல்லவில்லை நாம். ஆனால் கூலிக்காரன் மகன் பிடிபட்டால் ஜாமீன் கையெழுத்துக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

அதே சட்டத்தின் 64-ஏ பிரிவைக் கேளுங்கள்: சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கும் போகும்.

மானம் போகுமென்று பிள்ளையை மறைக்காதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். மருத்துவமனைக்கு நாங்கள் கூட வருகிறோம்.